எழுத்துப்பிழையாகப் பிறந்த ஓகே

சொற்களுக்குப் பிறந்தநாள் தெரிவது மிக அரிது. ‘பேஜார்’ பாரசீகத்திலிருந்து உருது வழியாகச் சென்னைக்கு வந்த சொல் என்று தெரியும். அதை மவுன்ட் ரோட்டிலோ மண்ணடியிலோ முதலில் சொன்ன வாய் எது, எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் கிடையாது. அவ்வளவு தூரம் போவானேன்? ‘மொக்கை’யும் ‘கலாய்ப்ப’தும் நம் கண்ணெதிரே கல்லூரி வாசல்களில் வளர்ந்தவை. அவற்றுக்கும் தேதி இல்லை. ஆனால் உலகம் முழுக்க வாயில் புழங்கும் ஒரு விளையாட்டுச் சொல்லுக்கு மட்டும், அச்சில் அது முதலில் அகப்பட்ட நாள், ஊர், செய்தித்தாள், பக்கம் எல்லாமே தெரியும். 1839 மார்ச் 23, சனிக்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழ், இரண்டாம் பக்கம். அந்தச் சொல் ‘ஓகே’.

அந்த இதழின் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். அப்போது பாஸ்டனில் ‘மணியடிப்பு எதிர்ப்புக் கழகம்’ என்று ஒன்று இருந்தது. பெயரைக் கேட்டாலே வேடிக்கைக்குக் கூடிய கூட்டம் என்று புரியும். அந்தக் கழகத்தார் நியூயார்க்குக்குப் பயணம் போனதை வைத்துக் கிரீனுக்கும் பிராவிடன்ஸ் நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கும் கேலிச் சண்டை. கழகத்தார் திரும்பும் வழியில் பிராவிடன்ஸில் இறங்கினால் அந்த ஆசிரியர் தயவில் விருந்து களைகட்டும், பாட்டில் மூடிகள் பறக்கும் என்கிற மாதிரி எழுதிக்கொண்டு போகிறார் கிரீன். அந்த வாக்கியத்தின் நடுவில், சின்ன எழுத்தில், ஓ, கே என்று இரண்டே எழுத்து. அடுத்து ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் ‘ஆல் கரெக்ட்’.

அந்தக் கோட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகும் குழந்தையின் சட்டையில் பெயர் எழுதிய சீட்டைக் குத்தி அனுப்புவோமே, அதுபோல ஒரு புதுச் சொல் தன் பொருளைத் தானே குத்திக்கொண்டு வந்து நிற்கிறது. வாசகனுக்கு இன்னும் பழகவில்லை, விளங்காமல் போய்விடக் கூடாது என்று எழுதியவருக்கு ஒரு கரிசனம். சில மாதங்களுக்குள் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் ஏடுகள் அதை எடுத்துக்கொண்டன.

‘ஆல் கரெக்ட்’ என்பதற்கு முதலெழுத்து எடுத்தால் ஏ, சி என்றுதானே வர வேண்டும்? ஓவும் கேயும் எங்கிருந்து வந்தன? அங்கேதான் குறும்பு. 1838, 1839இல் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு எதையும் முதலெழுத்துகளாகச் சுருக்கும் பித்துப் பிடித்திருந்தது. ‘நோ கோ’ என்றால் என்.ஜி.; வேலைக்கு ஆகாது என்று பொருள். கடன்காரனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவனைப் பற்றி ‘கான் டு டெக்சஸ்’, சுருக்கமாக ஜி.டி. அற்பம் என்று சொல்ல ‘ஸ்மால் பொட்டேட்டோஸ்’, எஸ்.பி. இதுவும் சலித்துப்போகவே, அடுத்த படிக்குப் போனார்கள். முதலில் சொற்களை எழுத்தறியாதவன் எழுதுவதுபோல வேண்டுமென்றே தப்பாக எழுதுவது, அப்புறம் அந்தத் தப்பின் முதலெழுத்தை எடுப்பது. ‘நோ யூஸ்’ என்பதை உச்சரிப்பு மாறாமல் தப்பாக எழுதிக் கே.ஒய். ஆக்கினார்கள். ‘ஆல் ரைட்’ தப்பெழுத்தில் ஓ.டபிள்யூ. ஆயிற்று. ‘ஆல் கரெக்ட்’ என்பது ‘ஓல் கொரெக்ட்’ ஆகி, கரெக்டின் சி போய்க் கே வந்து, ஓ.கே. ஆயிற்று. எல்லாம் சரி என்று சொல்லும் இரண்டு எழுத்தில் இரண்டுமே சரியில்லை. அதுதான் வேடிக்கையே.

அந்தக் கூட்டத்தில் பிறந்த எத்தனையோ சொற்கள் அடுத்த மழைக்காலத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஓகேக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஓ.டபிள்யூ. பாஸ்டனிலேயே மாண்டுபோயிற்று. (அதன் மூலமான ‘ரைட்’ மட்டும் கடல் தாண்டி வந்து நம் பேருந்துகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. கண்டக்டர் ‘போலாம் ரைட்’ என்று சொன்னால்தான் வண்டி நகரும். ஓகே என்று சொல்லி நகர்ந்த வண்டியை நான் பார்த்ததில்லை.) கே என்ற எழுத்துக்கு ஒரு கவர்ச்சி இருப்பதும் உண்மை. ஆங்கிலத்தில் அது முதலெழுத்தாக வருவது குறைவு என்பதால் கண்ணில் சட்டென்று தைக்கும். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் தன் கேமராவுக்கு ‘கோடக்’ என்று பொருளே இல்லாத ஒரு பெயரைக் கட்டியபோது, அந்த எழுத்தின்மீது இருந்த பிரியத்தால்தான் முன்னும் பின்னும் அதையே வைத்தார். நம் நாட்டு ‘குவாலிட்டி’ ஐஸ்கிரீமும் ஆங்கிலத்தில் கே போட்டுத்தான் எழுதப்பட்டது.

ஆனால் எழுத்தின் கவர்ச்சி மட்டும் ஒரு சொல்லைக் காப்பாற்றாது. நண்பர்கள் வட்டத்தில் உருவாகும் கேலிச் சொற்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஹாஸ்டல் அறையில் ஒரு வாரம் எல்லார் வாயிலும் அதுவே இருக்கும். செமஸ்டர் லீவு முடிந்து வரும்போது மறந்திருக்கும். பிழைக்கிற சொல்லுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கும். ஓகேக்கு முதல் வேலையைக் கொடுத்தது ஒரு தேர்தல்.

1840இல் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறை நின்றார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிண்டர்ஹூக் என்ற சிற்றூர். டச்சுக்காரர்கள் வைத்த பெயர், ‘குழந்தைகள் மூலை’ என்று பொருள். வான் பியூரன் வீட்டில் பேசிய மொழியும் டச்சுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே அமெரிக்க அதிபர் அவர். ஆதரவாளர்கள் அவரைச் செல்லமாக ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்றார்கள். முதலெழுத்தைப் பாருங்கள்: ஓ, கே. ஏற்கெனவே ‘எல்லாம் சரி’ என்று ஊரில் ஓடிக்கொண்டிருந்த சொல் தலைவரின் பட்டப்பெயருக்கும் பொருந்திவந்தால் கட்சிக்காரர்கள் விடுவார்களா? நியூயார்க்கில் ‘ஓ.கே. கிளப்’ தொடங்கினார்கள். கூட்டத்தில் அதுவே கோஷம்.

எதிர்க்கட்சியினர் அதே இரண்டு எழுத்தைத் திருப்பி அடித்தார்கள். 1837இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் நாடு தவித்துக்கொண்டிருந்த நேரம். ‘கேஷ்’ என்ற சொல்லைக் கே போட்டுத் தப்பாக எழுதி, ‘அவுட் ஆஃப் கேஷ்’, கையில் காசில்லை, அதுதான் ஓ.கே. என்று விரித்தார்கள். இன்னொரு கதையையும் கட்டினார்கள். முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கோப்புகளில் ‘ஆல் கரெக்ட்’ என்று எழுதத் தெரியாமல் ஓ.கே. என்று கிறுக்குவார், அதிலிருந்து வந்ததுதான் இது என்று. சுத்தப் பொய். ஆனால் பாஸ்டன் பத்திரிகையின் உண்மைக் கதை மறந்துபோய், இந்தப் பொய்தான் நூறாண்டுக்கு மேல் பலர் நாவில் நின்றது. தேர்தலில் வான் பியூரன் தோற்றார். தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 60, வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு 234. ஜெயித்தது அந்த இரண்டு எழுத்து. இரு கட்சியும் சேர்ந்து நாடு முழுக்கக் கொண்டுசேர்த்துவிட்டன.

அடுத்த வேலை இன்னும் பெரிது. 1844இல் சாமுவேல் மோர்ஸின் தந்தி வந்தது. கம்பியின் மறுமுனையில் இருப்பவர் செய்தியைச் சரியாக வாங்கினாரா என்று எப்படித் தெரியும்? முகம் தெரியாது, குரல் கேட்காது. வாங்கியவர் திருப்பி ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். அது சின்னதாக இருக்க வேண்டும், வேறு எதோடும் குழம்பக் கூடாது. அமெரிக்க மோர்ஸில் ஓ என்பது சிறு இடைவெளி விட்ட இரண்டு புள்ளி. கே என்பது கோடு, புள்ளி, கோடு. ஐந்தே தட்டு. விளையாட்டுக்குக் கட்டிய சொல் கம்பியில் ரசீதாக மாறியது. ரயில்பாதை நெடுகத் தந்தி ஆபீஸ்கள் முளைத்தன. ஓகே வராதவரை செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை. சிரிக்கவைக்கப் பிறந்த சொல்லை ஜனங்கள் நம்பத் தொடங்கியது இங்கேதான்.

புழக்கம் கூடக்கூட, சொல் எங்கிருந்து வந்தது என்ற ஞாபகம் தேய்ந்தது. அந்த வெற்றிடத்தில் கதைகள் வளர்ந்தன. கிரேக்கத்தில் ‘எல்லாம் நலம்’ என்பதற்கான ‘ஓலா காலா’ என்றார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் ‘ஓக் ஐ’ என்றார்கள். ஹைத்தித் துறைமுகமான ‘ஓ காய்’ என்ற இடத்து ரம் என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்க வோலோஃப் மொழியிலும் மூலம் தேடினார்கள். சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மொழியில் ‘அப்படித்தான்’ என்ற பொருளில் வரும் ‘ஓகே’ போன்ற சொல்லே தாய் என்ற கருத்துக்கு அதிபர் உட்ரோ வில்சனே ஆள். கோப்புகளில் அவர் ஓ.கே. என்று எழுதாமல், சாக்டா சொல் என்று கருதி நான்கு எழுத்தில் நீட்டி எழுதுவார். நம்மூரிலும் ‘ஓசி’க்கு இப்படி ஒரு கதை உண்டு: கம்பெனி காலத்தில் தபால்தலை ஒட்டாமல் போன அரசாங்கக் கடிதத்தின் முத்திரை என்பார்கள். ஒரு சொல்லின் தாய் தகப்பன் யார் என்று தெரியாவிட்டால் மனம் சும்மா இருப்பதில்லை. அழகான கதை கிடைத்ததும் அதையே வம்சாவளியாக எழுதிவிடுகிறது.

இந்தக் கதைக்காட்டை வெட்டி வழி கண்டவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்தவர் இவர்தான். 1941இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஓகேயின் மூலம் 1840 தேர்தல், கிண்டர்ஹூக் என்று அதில் சான்றோடு சொன்னார். பலரும் ஒப்புக்கொண்டார்கள். வேறு ஒருவராக இருந்தால் அந்தப் புகழோடு நின்றிருப்பார். ரீட் தேடிக்கொண்டே இருந்தார். பழைய நாளிதழ்களை நாள்வாரியாகப் புரட்டிக் கேலிச் செய்திகளையும் துணுக்குகளையும் படித்தார். கணினியில் தேடுகிற வசதியெல்லாம் இல்லாத காலம். கண்ணும் விரலும்தான் கருவி. தேர்தலுக்கு ஓராண்டு முன்பே சொல் இருந்திருக்கிறது என்ற தடயம் அகப்பட்டது. 1963, 1964 ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்ற ஆய்விதழில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதி, தன் பழைய முடிவைத் தானே திருத்தினார். அந்தச் சனிக்கிழமை நாளிதழை மட்டும் அவர் காட்டவில்லை. முதலெழுத்துச் சுருக்கப் பித்து, தப்பெழுத்து விளையாட்டு, உடன்பிறந்து செத்த சொற்கள் என்று அக்கம்பக்கம் முழுவதையும் காட்டினார். ஒரு குழந்தை பிறந்த வீட்டை மட்டும் சொல்லாமல், அந்தத் தெருவில் அன்றைக்கு யார் யார் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னதுபோல. அதனால்தான் அவர் முடிவு நிலைத்தது.

அதன்பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது, கலத்தின் கால் தரையைத் தொட்டதைக் காட்டும் விளக்கு எரிந்த சில நொடிகளுக்குள் பஸ் ஆல்ட்ரின் வாயிலிருந்து வந்த சொற்களில் ஒன்று ‘ஓகே’. கடலடியில் மூழ்கும் நீச்சல்காரர்கள் பேச முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்த வட்டம்தான் அவர்களுக்கு ஓகே. அங்கே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தமாகிவிடும்.

கணினிக்குள் அது புகுந்த விதத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1983இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் ‘லிசா’ கணினியை உருவாக்கும்போது, திரையில் கேள்வி கேட்கும் பெட்டியில் ‘செய்’ என்ற பொருளில் ‘டூ இட்’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். சாதாரண ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது ஒருவர் அந்த இடத்தில் தடுமாறினார், முகம் சுளித்தார். காரணம் கேட்டார்கள். நான் மடையன் இல்லை, இந்தக் கணினி ஏன் என்னை அப்படிச் சொல்கிறது என்றார். இரண்டு சொற்களுக்கும் நடுவில் இடைவெளி போதாமல், பெரிய ஐ சிறிய எல் போலத் தெரிந்து, ‘டூ இட்’ அவர் கண்ணுக்கு மடையனைக் குறிக்கும் ‘டோல்ட்’ ஆகிவிட்டது. அதை எடுத்துவிட்டு ஓகே என்று போட்டார்கள். வாசிப்புப் பிழையைத் தவிர்க்க, எழுத்துப்பிழையில் பிறந்த சொல்லே கைகொடுத்தது.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நான் வேலை பழகிய அச்சகத்தில் கடைசி புரூஃபைத் திருத்திவிட்டு, ஓரத்தில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பக்கம் மெஷினுக்குப் போகும். ஒரு தரம் அவசரத்தில் ஓகே போட்டு அனுப்பிய பக்கத்தில் தலைப்பிலேயே ஒரு கால் விட்டுப்போய், ஆயிரம் பிரதி வீணாயிற்று. அன்றைக்குத்தான் அந்த இரண்டு எழுத்தின் கனம் தெரிந்தது. பிழையில்லை என்பதற்கு நாங்கள் சாட்சியாகப் போடும் சொல் ஒரு பிழையிலிருந்து வந்தது என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

தமிழ் இந்தச் சொல்லை வாடகைக்கு வைத்திருக்கவில்லை, வீட்டுப் பிள்ளையாகவே வளர்க்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் ‘ஓகேங்க’. அம்மாவிடம் ‘ஓகேம்மா’, நண்பனிடம் ‘ஓகேடா’. ‘பண்ணு’ சேர்த்தால் வினை: ‘மேனேஜர் லீவை ஓகே பண்ணிட்டார்’. ‘மாப்பிள்ளை வீட்ல ஓகே சொல்லிட்டாங்க’ என்றால் அது சாதாரணச் சம்மதம் இல்லை, அடுத்த வேலை மண்டபம் பார்ப்பது. படப்பிடிப்பில் ‘ஷாட் ஓகே’ என்றால் நூறு பேருக்கு மூச்சு வரும். அதே படம் வெளியாகி, ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் இழுத்தாற்போல ‘ம்… ஓகே’ என்று வருகிறதே, அதன் பொருள் சுமார். ஒரே சொல் தொனி மாறினால் சம்மதம், ரசீது, சலிப்பு, விடைபெறுதல்.

இவ்வளவு சுலபமாக அது நம்மிடம் ஒட்டிக்கொண்டதற்கு எனக்குத் தோன்றும் காரணம், நம் ‘சரி’. சரி என்றால் முதலில் பிழையில்லாதது. கணக்கு சரியா தப்பா என்கிறோம். பிறகு அதுவே சம்மதம், ‘நாளைக்கு வர்றியா?’ ‘சரி’. பாஸ்டனில் ‘எல்லாம் சரி’ என்று தொடங்கி ‘சம்மதம்’ என்று வந்து நின்ற ஓகே நடந்த அதே வழியில் நம் சொல் ஏற்கெனவே நடந்து முடித்திருந்தது. ஓகே வந்ததால் சரி போய்விடவும் இல்லை. சண்டையை முடிக்க ‘சரி, சரி, விடு’ என்றுதான் இன்னும் சொல்கிறோம். அந்த இடத்தில் ஓகே உட்காராது.

பாஸ்டன்காரர்களின் ஆட்டத்தைத் தமிழும் ஒரு முறை ஆடிப்பார்த்தது. 2012இல் எம். ராஜேஷ் இயக்கத்தில் உதயநிதி ஸ்டாலின் நடித்து வந்த படத்துக்குப் பெயர் ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’. ஆங்கில முதலெழுத்துகளை எடுத்தால் ஓ.கே.ஓ.கே. ஊரெல்லாம் ‘ஓகே ஓகே’ என்றே அழைத்தது. ஓல்ட் கிண்டர்ஹூக்குக்கு 1840இல் செய்ததை, 172 ஆண்டு கழித்துச் சுத்தமான நான்கு தமிழ்ச் சொற்களுக்குச் செய்தோம்.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இளைஞர்கள் புதுச் சொல் கட்டும்போது, மொழி கெடுகிறது என்று கோபப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தக் கோபம் எனக்கில்லை. சொல்லைக் கட்டி விளையாடுகிறவனுக்கு மொழிமேல் பிரியம் இருக்கிறது. பிரியம் இல்லாதவன் விளையாடமாட்டான். என் கவலை, அந்தச் சொற்களை யாரும் எழுதிவைப்பதில்லை என்பதுதான். ரீட் தேடியபோது கையில் அகப்படுவதற்கு ஒரு நாளிதழ் பத்திரமாக இருந்தது. நம் தெருவில் பிறக்கிற சொல்லை நாளைக்கு ஒருவர் தேடினால் எதைப் புரட்டுவார்? கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். ‘க்ரியா’ 1992இல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொடுத்தது. ஆனால் நேற்று ராத்திரி டீக்கடையில் பிறந்த சொல் அகராதி ஆபீசுக்குத் தானாக நடந்து போகாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளையோ பேருந்தில் பக்கத்து இருக்கைக் கல்லூரிக் கூட்டமோ புதிதாக ஒரு சொல்லைச் சொல்வது காதில் விழுந்தால், சிரித்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். சொல், அதன் பொருள், அது வந்த வாக்கியம், ஊர். தேதியை மட்டும் மறக்காதீர்கள்.